முகத்த வெள்ளையாக்கினா அது படமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

கல்லடியில இருந்து எழுதுறன், கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு கமராவோட திரியிறவன். போன கிழமை ஒரு அம்மா, வேறொரு ஸ்டுடியோவில எடுத்த படத்த கொண்டு வந்து "இது நான் இல்ல மனே" எண்டா. பாத்தா மா பூசின மாதிரி வெளுத்திருக்கு, கன்னத்துச் சுருக்கம் ஒண்டும் இல்ல.

முகம் சரியா வாறதுக்கு எடிட்டிங் தேவையே இல்ல ஐயா. கமராவுக்குள்ள வெளிச்சம் அளக்கிற மீட்டர் எதையும் நடுச் சாம்பல் நிறமா ஆக்கத்தான் பாக்கும், அதால வெள்ள வேட்டி சட்டையோட ஆள் நிண்டா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிப் போடும், நம்மட மாநிறம் கரியா வரும், பிறகு கொம்பியூட்டர்ல வெளுக்கிறது. முகத்துக்கு அளந்து எடுத்தா சரி. விறாந்தையில வாசல் பக்கம் முகத்த திருப்பி இருத்தி, மற்றப் பக்கம் ஒரு வெள்ள ரெஜிபோம் (தெர்மாகோல்) துண்டப் பிடிச்சா வெளிச்சம் திரும்பி அடிச்சு நிழலும் இளகும், லைட்டுக்கு காசும் இல்ல.

கடற்கரைக்கு பன்னிரண்டு மணிக்கு வாற சோடிகளுக்கும் ஒண்டு சொல்லோணும். ஏப்ரல்ல சூரியன் உச்சந்தலைக்கு மேல நிக்கும், கண்குழி ரெண்டும் கறுத்து பேய் மாதிரித்தான் இருக்கும். காலமை 6 மணிக்கு வந்து கடலப் பாத்து நில்லுங்க. சினிமாவில வாற மாதிரி கடலுக்குள்ள சூரியன் விழோணும் எண்டு கேக்காதீங்க, இது கிழக்குக் கர, பின்னேர வெளிச்சம் வேணுமெண்டா வாவிப் பக்கம்தான் போகோணும்.

உங்கட பேப்பர்லயும் மை பரவி முகம் இருண்டுதான் வருது, அதையும் ஒருக்கா பாருங்க.

ஒரு படக்காரன்,
கல்லடி, மட்டக்களப்பு.