கிப்பனோடு நிறுத்திவிடாதீர்கள்: நூல் தெரிவுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மைய நூலகங்களுக்கு நூல் தெரிவு செய்யும் குழுவினருக்கு வணக்கம்.

ரோம வரலாறு என்றதும் பட்டியலில் முதலில் ஏறும் பெயர் எட்வர்ட் கிப்பன். 1776 முதல் 1788 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'ரோமப் பேரரசின் சரிவும் வீழ்ச்சியும்' நூலகத்தில் இருக்க வேண்டியதுதான். ஆனால் அதன் கதை தொடங்குவதே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் நடந்த போர், சீசர், குடியரசின் வீழ்ச்சி எல்லாம் அதற்குள் முடிந்துபோயிருக்கும். ரோமைப் பற்றி ஒன்றும் அறியாத மாணவர் அதை முதலில் எடுத்தால் பாதிப் படத்தில் அரங்குக்குள் நுழைந்தவர்போல் தவிப்பார். சுருக்கப் பதிப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புகளும் இருக்காது. கிப்பனின் பாதி உயிரே அந்தக் குறிப்புகளில்தான்.

தொடக்க நூலாக மேரி பியர்டின் 'எஸ்.பி.க்யூ.ஆர்.' (2015; 'ரோமின் ஆட்சிமன்றமும் மக்களும்' என்பதன் இலத்தீன் சுருக்கம்) வாங்குங்கள். கி.மு. 63இல் ஆட்சித்தலைவர் சிசரோவுக்கும் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக அவர் குற்றஞ்சாட்டிய கேட்டிலினுக்கும் நடந்த மோதலில் தொடங்கி, தொன்மக் கதைகளுக்குத் திரும்பிச் சென்று, கி.பி. 212இல் முடிகிறது. பேரரசின் அடிமையல்லாத மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் பேரரசர் கரகல்லா குடியுரிமை வழங்கிய ஆண்டு அது. ஒவ்வொரு செய்தியும் நமக்கு எப்படி வந்து சேர்ந்தது, எவ்வளவு நம்பலாம் என்று கேட்டபடியே நகரும் நூல். புதிய வாசகருக்கு முதலில் படிய வேண்டிய பழக்கம் அதுதான். ரொனால்ட் சைமின் 'ரோமன் ரெவல்யூஷன்' (1939) மிகப் பெரிய நூல், ஆனால் பெயர்களும் நிகழ்வுகளும் முன்பே தெரிந்தவர்களுக்கானது.

மூல நூல்களில்தான் தெரிவு அதிகம் தவறுகிறது. ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதிய 142 பகுதிகளில் இன்று இருப்பவை 35 மட்டுமே: 1 முதல் 10 வரை, 21 முதல் 45 வரை. இடையில் தொலைந்த பத்தில்தான் வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜுடன் ரோம் நடத்திய முதல் போர் (கி.மு. 264–241) இருந்தது. அதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸின் நூலில் முதல் பகுதி வேண்டும். லிவி நமக்குக் கிடைப்பது கி.மு. 167 வரைதான். கி.மு. 133இல் தொடங்கும் உள்நாட்டுக் கலகங்களுக்கு அப்பியனின் 'உள்நாட்டுப் போர்கள்' இல்லாமல் முடியாது. முதல் நூற்றாண்டுப் பேரரசர்களைப் பற்றிய டாசிட்டஸின் 'அனல்ஸ்' நூலில் பேரரசர் கலிகுலாவின் ஆட்சி முழுவதும் தொலைந்துவிட்டது. கையெழுத்துப் படி கி.பி. 66இல் பாதியில் அறுந்து நிற்கிறது. கலிகுலாவுக்கு, பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய சூட்டோனியஸைத்தான் நாட வேண்டும். ஆகவே இவற்றில் ஒன்றை வாங்கி ஒன்றை விட்டால், வாசகர் கையில் ஓட்டை விழுந்த வரலாறுதான் மிஞ்சும்.

பதிப்பைப் பார்க்கும்போது மூன்றைச் சோதியுங்கள்: பகுதி எண்களும் அத்தியாய எண்களும், வரைபடம், பெயரடைவு. கி.பி. 64இன் பெருந்தீக்குப் பிறகு நீரோ கிறித்தவர்களைத் தண்டித்த இடத்தை 'அனல்ஸ் 15.44' என்றுதான் எல்லா ஆய்வு நூல்களும் சுட்டும். எண் இல்லாத மலிவு மறுபதிப்பில் வாசகர் அந்த இடத்தைத் தேடியே களைத்துவிடுவார். பெயரடைவு இல்லாவிட்டால் ஒரே பெயர் தாங்கிய தந்தை, மகன், பேரன் மூவரும் குழம்பிப்போவார்கள். பிற்காலப் பேரரசர்களின் வாழ்க்கைத் தொகுப்பான 'ஹிஸ்டோரியா அகஸ்டா' வாங்குவதானால் நல்ல முன்னுரையுள்ள பதிப்பே வேண்டும். ஆறு ஆசிரியர்கள் எழுதியதாக அது சொல்லிக்கொள்கிறது. ஒருவரே எழுதியது என்பது இன்றைய அறிஞர் பலரின் முடிவு. உள்ளே இருக்கும் கடிதங்களிலும் ஆவணங்களிலும் பெரும்பாலானவை புனைந்தவை.

மேற்கு ரோமின் வீழ்ச்சிக்கு ஒரு நூலை மட்டும் வைப்பது நியாயமில்லை. பீட்டர் பிரவுனின் 'தி வேர்ல்டு ஆஃப் லேட் ஆன்டிக்விட்டி' (1971) அந்தக் காலத்தை ஒரு மாற்றமாகப் பார்க்கிறது. பிரையன் வார்டு-பெர்கின்ஸின் 'தி ஃபால் ஆஃப் ரோம்' (2005) மட்பாண்டம், கூரை ஓடு, கால்நடைகளின் உடல் அளவு ஆகியவற்றைக் காட்டி, வாழ்க்கைத்தரமே சரிந்தது என்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

நம் வாசகர்களுக்கென்று ஒன்று அவசியம்: செங்கடல் முதல் இந்தியா வரையான கடல் வணிகத்தை விவரிக்கும் பழைய கிரேக்க வழிகாட்டியான 'பெரிப்ளஸ்' நூலுக்கு லயனல் காசன் 1989இல் வெளியிட்ட பதிப்பு. கிரேக்க மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, விரிவான உரை மூன்றும் அதில் உண்டு. மூலம் மொத்தமே 66 சிறு அத்தியாயங்கள். 56ஆவது அத்தியாயம் முசிறிப் பக்கத்துச் சந்தைகளுக்கு வந்த சரக்கைப் பட்டியலிடுகிறது: ஏராளமான நாணயம், பவளம், கண்ணாடி, செம்பு, ஈயம், கொஞ்சம் திராட்சை மது. திரும்பிப் போனவற்றில் முதன்மையானது மிளகு. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்ற அகநானூற்று அடியைப் படித்தவருக்கு இந்தப் பட்டியல் தரும் மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டுமா? கூடவே ரோம எழுத்தாளர் பிளினியின் 'இயற்கை வரலாறு' இருந்தால், அடிக்கடி நேரும் ஒரு பிழையை வாசகரே திருத்திக்கொள்வார். இந்தியாவுக்கு மட்டும் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) போகிறது என்கிறார் பிளினி. 10 கோடி என்று அவர் வேறோர் இடத்தில் தருவது இந்தியா, சீனா, அரேபியா மூன்றுக்கும் சேர்ந்த கணக்கு.

டியூயி எண் முறையில் அடுக்கும் நூலகங்களில் ரோம வரலாறு 937இல் வரும். சிசரோவின் கடிதங்கள் இலத்தீன் இலக்கியத்தோடு 870களுக்குப் போய்விடும். 937 அடுக்கில் ஓர் அட்டை மாட்டி, மற்ற நூல்கள் எந்த எண்ணில் இருக்கின்றன என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். நிதி குறைவென்றால் இந்த ஆண்டு பியர்ட், லிவி, டாசிட்டஸ், சூட்டோனியஸ், காசன் ஆகியோரை வாங்குங்கள். பாலிபியஸும் அப்பியனும் அடுத்த ஆண்டுப் பட்டியலில் முதலில் வரட்டும்.

இப்படிக்கு,
ரோம வரலாற்று வாசகர்கள்