லாவோஸில் கழிந்த விடுமுறை

குன்மிங், சீனா,
23.2.2025

அன்பு நண்பா,

பொங்கலன்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கோலூன்றி வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகே எனக்கு நிம்மதி வந்தது. விடுமுறை கிடைத்தும் ஊருக்கு ஏன் வரவில்லை என்று வருத்தத்தோடு கேட்டிருந்தாய். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? அப்பா போன பிறகு பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து பார்க்க இந்த ஆண்டு எனக்கு மனம் துணியவில்லை.

சீனப் புத்தாண்டு இம்முறை ஜனவரி 29 அன்று வந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, நான் கணிதத் தேர்வுத் தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள், மாணவர் விடுதி காலியாகிவிட்டது. வசந்த விழாவை ஒட்டிய 40 நாள் பயண நெரிசலை இங்கே 'சுன்யுன்' என்பார்கள். ஆண்டு முழுவதும் வெளியூரில் உழைப்பவர்கள்கூட அந்த நாட்களில் எப்படியாவது வீடு போய்ச் சேர்ந்துவிடுவார்கள். சுய்ஹூ ஏரிக்கு 1985 முதல் குளிர்காலந்தோறும் வடக்கேயிருந்து வரும் செவ்வலகுக் கடற்காகங்களுக்கு ரொட்டித் துண்டு போட்டபடி இரண்டு மாலைகளைக் கழித்தேன். மூன்றாம் மாலை, இந்த வெறுமையில் இருக்க முடியாது என்று தோன்றியதும், லாவோஸ் விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

குன்மிங்கிலிருந்து லாவோஸின் தலைநகர் வியந்தியான்வரை 1,035 கிலோமீட்டர் ஓடும் ரயில் பாதை 2021 டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. மலைகளைக் குடைந்து போகும் பாதை என்பதால், சன்னலில் காடு தெரிந்து ரசிக்கத் தொடங்குவதற்குள் அடுத்த சுரங்கம் வந்து இருட்டிவிடும். எல்லையில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி, சீனப் பக்கம் ஒரு சோதனை, லாவோஸ் பக்கம் ஒரு சோதனை என்று இருமுறை வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பியபோது, நம் ஊர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் நெருங்கிவிட்டோம் என்று சிறுபிள்ளை போல மகிழ்ந்தேன்.

லுவாங் பிரபாங், மேக்கொங் ஆறும் 'நாம் கான்' என்ற ஆறும் கூடுமிடத்தில் உள்ள பழைய தலைநகரம். விடிவதற்கு முன்பே புத்த பிக்குகள் காவி உடுத்தி, வெறுங்காலுடன் வரிசையாக உணவு ஏற்க வருவார்கள். முதல் நாள் எதிர்ப்புறம் நின்று பார்த்தேன். சில சுற்றுலாப் பயணிகள் அவர்கள் முகத்துக்கு நேரே ஃபிளாஷ் அடித்துப் படமெடுத்தது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது. வழிபாட்டில் இருப்பவர்களை அப்படி நெருங்க யாருக்கும் உரிமையில்லை. மறுநாள், நான் தங்கியிருந்த விடுதியின் அம்மையார் என்னைத் தம் பக்கத்தில் உட்கார வைத்து, தோளில் ஒரு துணியைப் போட்டு, மூங்கில் கூடை நிறையச் சோற்றைக் கையில் கொடுத்தார். கையில் ஒட்டிக்கொள்ளும் ஒருவகை அரிசி அது, ஆவி பறந்தது. ஒவ்வொரு பாத்திரத்திலும் ஒரு சிறு உருண்டை இட வேண்டும். பிக்குகள் நிற்பதில்லை, நடந்துகொண்டே இருப்பார்கள். என் விரல்கள் சுட்டு, சோறு பிரியாமல் ஒட்டியதால், முதல் மூன்று பேரைத் தவறவிட்டேன். பிறகுதான் கை பழகியது. வரிசையின் கடைசியில் கூடைகளோடு சில ஏழைப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பிக்குகள் தாம் பெற்ற சோற்றிலிருந்து அவர்கள் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டுப் போனார்கள். மொட்டை மாடியில் நம்மை வட்டமாக உட்கார வைத்து, உன் அம்மா நிலாச்சோறு உருட்டி உள்ளங்கையில் வைத்த இரவுகள் நினைவுக்கு வந்து, என் கண்கள் கலங்கிவிட்டன.

நீ தமிழாசிரியன் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். அங்கே இராமாயணத்துக்கு 'ஃபிரா லாக் ஃபிரா லாம்' என்று பெயர். இலக்குவன் பெயர்தான் முன்னால் நிற்கிறது. சியெங் தோங் விகாரை வளாகத்தில், மன்னரின் இறுதி ஊர்வல ரதம் வைத்திருக்கும் கட்டடத்தின் முகப்பு முழுவதும் அந்தக் கதையின் பொன்பூசிய மரச் சிற்பங்கள். தம்பியை முன்னிறுத்திய அந்த ஊர் மனத்தைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது.

ஊரின் இன்னொரு முகத்தை, வெடிக்காத குண்டுகள் பற்றிய காட்சிக்கூடத்தில் பார்த்தேன். 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் அந்தச் சிறிய நாட்டின்மீது 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைப் போட்டன. பந்து போலிருக்கும் சிறு குண்டுகளை விளையாட்டுப் பொருள் என்று எடுத்துக் கைகளை இழந்த குழந்தைகள் உண்டு. எண்களோடு வாழும் எனக்கு அந்த எண்ணைத் தாங்க முடியவில்லை.

வகுப்புகள் மீண்டும் தொடங்கிவிட்டன. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த தின்பண்டங்களால் என் மேசை நிறைந்திருக்கிறது. கோடை விடுமுறைக்கு, ஜூலையில், நிச்சயம் வருவேன். வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும், நாம் இருவருமாகப் போய்த் திறப்போம். அம்மாவுக்காக ஒரு மூங்கில் சோற்றுக் கூடை வாங்கி வைத்திருக்கிறேன் என்று சொல்.

என்றும் அன்புடன்,
உன் நண்பன்