ஸ்பைரோமீட்டர் வாங்கு, யோசிக்காதே

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மை உன்னை விசாரித்தாள். முட்டுவலி தவிர அவளுக்கு வேறு குறையில்லை. இங்கே இடவப்பாதி மழை நன்றாகப் பிடித்துவிட்டது. மழை பிடித்தால் மார்த்தாண்டத்தில் என் வராந்தா எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உட்காரும் பெஞ்சில் பாதிப் பேர் மூச்சுமுட்டுக்காரர்கள்.

திண்டுக்கல் கிளினிக்குக்கு மூச்சை ஊதி அளக்கும் ஸ்பைரோமீட்டர் வாங்கலாமா, அந்தப் பணத்துக்கு வேறு ஏதாவது வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு. பிரஷர் பார்க்காமல் பிரஷர் மாத்திரை எழுத நமக்குக் கை வருமா? மூச்சுக்கு மட்டும் ஸ்டெத்தை வைத்து, விசில் கேட்டதும் மருந்து எழுதிவிடுகிறோம். ஹட்சின்சன் என்ற ஆங்கிலேய டாக்டர் 1846இலேயே ஊதிப் பார்க்கும் கருவியைச் செய்து கொடுத்துவிட்டார். இத்தனை காலம் கழித்தும் நம் ஊர்ப்புறக் கிளினிக்குகளில் அது இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

போன மாதம் திங்கள்சந்தைப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அறுபது தாண்டிய வயது. இரண்டு கையையும் முட்டில் ஊன்றி, உதட்டைக் குவித்து ஊதி ஊதித்தான் பேசினார். "எனக்கு பண்டே வீசிங் உண்டு டாக்டரே, பரம்பரையாக்கும்" என்றார். துணிக்கடைக் கவர் நிறையச் சீட்டுகள். எல்லாவற்றிலும் மூச்சுக்குழலை விரிக்கும் அதே சால்பியூட்டமால் மாத்திரை, அதே டெரிஃபிலின் ஊசி, மூச்சு முட்டும்போதெல்லாம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. ஒரு சீட்டில்கூட ஊதிப் பார்த்த கணக்கு இல்லை. பீடி, சிகரெட் பக்கமே போகாதவர் என்பதால் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழல் நிரந்தரமாக அடைபடும் நோய் பற்றி யாருக்கும் தோன்றவில்லை.

நான் தொழிலைக் கேட்டேன். கல்யாணமான நாள் முதல் அக்கானி காய்ச்சியவர். பனையிலிருந்து இறக்கின அக்கானியைக் கருப்பட்டிப் பதம் வரும்வரை மணிக்கணக்கில் அடுப்படியில் நின்று கிண்ட வேண்டும். எரிக்கிறது ஓலையும் மட்டையும். அது முடிந்து வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் கொதும்பும் சிரட்டையும். இப்போது வீட்டில் கேஸ் இருக்கிறது, ஆனால் குளிக்க வெந்நீரும் மரச்சீனி அவிப்பதும் இன்றைக்கும் விறகில்தான். சால்பியூட்டமால் 400 மைக்ரோகிராம் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொன்னேன். முதல் விநாடியில் ஊதிய காற்றுக்கும் மொத்தம் ஊதியதற்கும் உள்ள விகிதம் 0.52. முதல் ஊதலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து கொடுத்த பிறகும் 0.7க்குக் கீழே நின்றால் அடைப்பு நிரந்தரம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பீடி குடிக்காதவரின் நுரையீரலில் பீடிக்காரரின் கிராஃப்! நம் ஊரில் இந்தப் பெண்கள் எத்தனை பேர் "பரம்பரை வீசிங்" என்ற பெயரோடு திரிகிறார்கள் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

அதனால் புகைக்கிறவரா என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதே. இங்கே நான் கேட்பது: அண்டி ஆபீஸில், அதுதான் முந்திரி ஆலையில் வேலையா? வறுக்கும் இடத்திலா, தோடு உடைக்கும் இடத்திலா? ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற வேலையா? தேங்காய்த் தும்பு ஆலையா, செங்கல் சூளையா? உன் பக்கம் நூல் மில்லும் தோல் பதனிடுகிற இடமும் இருக்கும். அதையெல்லாம் கேட்டால்தான் பாதி நோய் பிடிபடும்.

ஊத வைப்பதில் பொறுமை வேண்டும். நர்ஸிடம் விட்டுவிடாதே, முதல் சில மாதம் நீயே பக்கத்தில் நில். முழுக்க இழு, வாயை இறுக்கு, ஒரே வெடியாக ஊது, "இன்னும் இன்னும்" என்று நீ சத்தம் போட வேண்டும். ஆறு விநாடியாவது ஓட வேண்டும். ஒழுங்கான ஊதல் குறைந்தது மூன்று வேண்டும், அதில் சிறந்த இரண்டுக்கும் இடையில் 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் கூடாது. சமீபத்தில் ஹார்ட் அட்டாக் வந்தவர், கண் ஆபரேஷன் செய்துகொண்டவர், ரத்தமாகத் துப்புகிறவர், இவர்களை ஊத வைக்காதே. ஆளுக்கு ஒரு ஃபில்ட்டர் மாற்று, அதில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே.

ஊதச் சொல்வதற்கு முன்னால் சளி. இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் எனக்கு வேறு பேச்சே கிடையாது, முதலில் சளிப் பரிசோதனை. சிபிநாட் மெஷின் இரண்டு மணி நேரத்தில் டிபி கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்துக்கு மசியுமா என்று சொல்லிவிடுகிறது, அதுவும் அரசாங்கத்தில் இலவசமாக. எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து ஆன்டிபயாட்டிக் மாற்றி மாற்றிக் கொடுத்து மாதக்கணக்கில் இழுக்கிறவர்களைக் கண்டால் கோபம் வருகிறது. இன்னொரு கூட்டமும் உண்டு: என்றைக்கோ டிபி வந்து முழுக்க மருந்து சாப்பிட்டு ஆறியவர்கள். வடு விழுந்த நுரையீரலோடு மூச்சு வாங்கி வருவார்கள். அவர்களையும் ஆஸ்துமாக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பழைய டிபி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஆஸ்துமாவுக்கு வருகிறேன். மருந்துக்குப் பிறகு எஃப்இவி1, அதாவது முதல் விநாடியில் ஊதும் காற்று, 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினால் அந்தப் பக்கம் யோசி. நீல இன்ஹேலரை மட்டும் கொடுத்து அனுப்பும் காலம் போய்விட்டது. 2019 முதல் ஜினா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டியே அதை வேண்டாம் என்கிறது. ஸ்டீராய்டு இல்லாமல் சால்பியூட்டமால் மட்டும் அடிப்பவருக்கு வீக்கம் உள்ளே அப்படியே இருக்கும், மூச்சு இலகுவானதும் குணமாகிவிட்டது என்று நம்புவார். புடெசொனைட், ஃபார்மொட்டரால் இரண்டும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தேவைக்கும் அதையே தினசரிக்கும் வைத்துக்கொள்ளச் சொல்வது எனக்கு நன்றாகக் கைகொடுக்கிறது. சிஓபிடிக்கு இது பொருந்தாது. அங்கே முதலில் நீண்ட நேர மூச்சுக்குழல் விரிப்பான்கள். ஸ்டீராய்டை அடிக்கடி மோசமாகிறவருக்கும் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளணு கூடுதலாக இருப்பவருக்கும் வைத்துக்கொள், மற்றவருக்கு நிமோனியா அபாயத்தைத்தான் கூட்டும். முற்றிப்போய் வருகிற சிஓபிடிக்காரருக்கு ரத்த ஆக்ஸிஜன் அளவை 88க்கும் 92 சதவீதத்துக்கும் நடுவில் நிறுத்து. நூறைப் பிடிக்க நர்ஸ்கள் திருகித் திருகிக் கூட்டிவிடுவார்கள், கவனம்.

இப்போது அந்த அம்மாவின் மிச்சக் கதை. முன்பே யாரோ மூச்சில் இழுக்கிற பவுடர் கேப்ஸ்யூலும் அதற்கான கருவியும் எழுதியிருக்கிறார்கள். எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு கேப்ஸ்யூலை எடுத்து நாக்கில் வைத்துத் தண்ணீர் குடிப்பதுபோல் தலையை அண்ணாந்து காட்டினார். கருவி பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறதாம். எழுதியவர் எடுத்துக் காட்டவில்லை, கடைக்காரரும் சொல்லவில்லை. கேப்ஸ்யூலைப் போட்டு, திருகி, உள்ளிருக்கிற மூச்சை வெளியே விட்டு, சட்டென்று பலமாக இழுத்து, பத்து விநாடி அடக்கச் சொல்லிக் கொடுத்தேன். பிறகு கருவியைத் திறந்து காட்டினேன், ஓட்டில் பாதிப் பவுடர் மிச்சம். இன்னொரு தடவை இழுக்க வைத்தேன். மூன்றாம் தடவை ஓடு காலியானதும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், மக்கா! மருமகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அமுக்கி அடிக்கிற பம்பு இன்ஹேலர் வேறு, அதை மெதுவாக இழுக்க வேண்டும், இந்தப் பவுடரைப் பலமாக. வயதானவருக்குப் பம்பு என்றால் அதில் மாட்டுகிற ஸ்பேசர் குழாயையும் சேர்த்து எழுது. "பம்பு அடிச்சாப் பழகிடும்" என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: மாத்திரையும் ஊசியும் உடம்பு முழுக்கப் போகிறது, இது பெரும்பாலும் நெஞ்சோடு நின்றுவிடுகிறது.

மெஷின் வந்ததும் எழுது. சந்தேகமான கிராஃப் இருந்தால் பெயரை மறைத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, இரவு ஒன்பதுக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன். ஓணத்துக்கு வந்தால் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கு, என் கிளினிக்கில் உட்கார்ந்து நீயே பத்துப் பேரை ஊத வைத்துப் பார்த்துவிட்டுப் போ.

உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்