ரவுண்டு என்றால் எந்த ரவுண்டு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வேலூர் பதிப்பில் ‘ரவுண்டு’ படாத பாடு படுகிறது. ‘பத்து ரவுண்டு சுட்டனர்’ என்றால் பத்துத் தோட்டாக்கள், அவ்வளவுதான். வாக்கு எண்ணிக்கையில் ஒரு ரவுண்டு என்பது, ஒரு சட்டமன்றத் தொகுதிக்குப் பெரும்பாலும் 14 மேசைகள், மேசைக்கு ஒரு வாக்குச்சாவடி. 210 சாவடி இருந்தால் 15 சுற்று. ஆகவே ‘மூன்றாம் சுற்றில் முன்னிலை’ என்று போடும்போது மொத்தம் எத்தனை சுற்று என்பதையும் சேர்த்துப் போடுங்கள். 2019 ஆகஸ்டில் வேலூர் மக்களவைத் தொகுதியின் வெற்றி வித்தியாசமே 8,141 வாக்குகள்தான்; பாதிச் சுற்றில் பட்டாசு வாங்குவது வீண் செலவு.

கடை பில்லில் வரும் ‘ரவுண்ட் ஆஃப்’ வேறு. 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய். குறைந்தால் விட்டுவிட வேண்டும். இதை மொத்தத் தொகையில் ஒரே தடவைதான் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் செய்தால், 60 பைசாவில் முடியும் பத்துப் பொருளுக்கு 4 ரூபாய் கூடிவிடும். படிப்படியாக முழுமையாக்குவதும் தப்பு: 2.449ஐ 2.45, 2.5 என்று ஏற்றிக்கொண்டே போனால் 3 வரும். சரியான விடை 2.

இப்படிக்கு,
கணக்காசிரியர்கள் சிலர், காட்பாடி