ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு விடச் சொன்னவள்

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி இப்போது தேவலை. போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

துபாய் சரவண பவனில் சாப்பிட்ட படம் பார்த்தோம். "அவ்வளவு பெரிய முதலாளியையே கோர்ட் விடலையே, பணக்காரனுக்கும் ஒரே சட்டம்தான்" என்று கூட வந்த நண்பர் சொன்னதாக எழுதியிருந்தாய். முப்பது வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காகக் குப்பை கொட்டியவன் நான். எந்தக் கேஸ் கட்டைப் பிரித்தாலும் எனக்குத் தீர்ப்புக்கு முன்னால் தேதிகள்தான் கண்ணில் படும்.

கொலை நடந்தது 2001 அக்டோபரில். ஜோசியர் பேச்சைக் கேட்டு, தன் ஊழியர் ஒருவரின் மகளை மூன்றாந்தாரமாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார் சரவண பவன் முதலாளி ராஜகோபால். அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. கணவரைக் கடத்தினார்கள். அவர் தப்பி வந்து போலீசில் புகார் கொடுத்தார். புகார் கொடுத்த பிறகும் மறுபடி கடத்தினார்கள் பார், அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? கடைசியில் கணவரின் உடல்தான் கொடைக்கானல் மலைக்காட்டில் கிடைத்தது.

2004இல் செஷன்ஸ் கோர்ட் பத்து வருஷம் கொடுத்தது. 2009இல் ஹைகோர்ட் அதை ஆயுளாக்கியது. 2019 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்து, ஜூலை 7க்குள் சரணடையச் சொன்னது. உடம்பு முடியவில்லை என்று அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. 9ஆம் தேதி ஆம்புலன்ஸில், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு கோர்ட்டுக்கு வந்தார். 18ஆம் தேதி ஆஸ்பத்திரியில் காலமானார்.

கூட்டிப் பார். பதினேழே முக்கால் வருஷம். அதில் பெரும்பகுதி ஜாமீனில் வெளியேதான். நீதிபதி யாரையும் அவர் விலைக்கு வாங்கியதாக நான் சொல்லவில்லை. வாங்கியிருந்தால் பத்து வருஷம் ஆயுளாகியிருக்காது. பெரிய வக்கீல், அப்பீல், அதற்கு மேல் அப்பீல், எல்லாமே சட்டம் அனுமதித்த வழிதான். காசு இருந்தவர் அந்த வழியில் கடைசிவரை நடந்தார். ஊழியர்களுக்கு நிறையச் செய்தவர் என்று நம் பக்கத்தில் இன்றைக்கும் "அண்ணாச்சி" என்று உருகுகிறவர்கள் உண்டு. அத்தனை பேரையும் எதிர்த்துக் கடைசிவரை நின்றாரே அந்தப் பெண், எனக்கு அதுதான் பெரிசு.

நான் வேலை பார்த்த கோர்ட்டில் ஒரு சைக்கிள் திருட்டுக் கேஸ் வந்தது. கொத்தனாருக்குக் கையாளாகப் போகிற பையன். ஒன்பதாம் நாளே ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆர்டரில் சீல் வைத்தது நான்தான். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டுவரி ரசீதோடு. அவன் தெருவே புறம்போக்கு, ரசீதுக்கு எங்கே போவான்? ஆர்டர் கேஸ் கட்டிலேயே கிடக்க, பையன் நாலு மாசம் உள்ளே கிடந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் அம்மா வருவாள். மஞ்சள் பையிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து, முந்தானையால் ஒருதரம் துடைத்து, என் மேஜைமேல் வைப்பாள்.

"இதை வச்சுக்கிட்டு விட்டுருங்க சாமி."

"இது செல்லாதும்மா."

கடைசியில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். உள்ளே இருந்த நாளையே தண்டனையாகக் கழித்து அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். உண்மையிலேயே எடுத்தானா என்று யாரும் விசாரிக்கவே இல்லை. 2022 கணக்குப்படி நம் சிறைகளில் இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் அவனைப்போல விசாரணைக் கைதிகள்.

கோர்ட்டில் வேலை பார்த்துக்கொண்டு நான் ஜாமீன் நிற்க முடியாது, சரி. உன் சித்தப்பா பேரில் வீடு இருந்தது, ரசீதும் இருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த நாலு மாசத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா முறுக்கு அனுப்பச் சொல்கிறாள். தீபாவளிக்கு வருகிற தேதியை எழுது.

அன்புடன்,
அப்பா