ஒரே ஐடியில் 27 பேர்: இந்தியப் போட்டி ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பெரிய கம்பெனிகள் சந்தையில் நியாயமாகப் போட்டி போடுகின்றனவா என்று பார்ப்பது உங்கள் வேலை என்பதால் எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன். மூன்று பிளேஸ்டேஷன், ஒரு பழைய எக்ஸ்பாக்ஸ், நான்கு டிவி. மணிக்கு 50 ரூபாய். பஞ்சாயத்துக்கு எழுதுவதென்றால் மலையாளத்தில் எழுதுவேன். உங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் வீட்டிலும் கடையிலும் நாங்கள் பேசுவது தமிழ், அதனால் தமிழிலேயே எழுதிவிட்டேன். மொழிபெயர்க்க ஆள் பிடிப்பது எனக்குத்தான் கஷ்டம், டெல்லியில் உங்களுக்குச் சுலபம்.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் மாட்டி கேம் விளையாடும் பெட்டியைத்தான் கன்சோல் என்கிறோம். எக்ஸ்பாக்ஸ் கன்சோலைச் செய்யும் மைக்ரோசாப்ட், கேம் செய்யும் ஆக்டிவிஷன் பிளிஸார்டை வாங்கப்போவதாக 2022 ஜனவரி 18 அன்று அறிவித்தது. கால் ஆஃப் டியூட்டி, வார்கிராஃப்ட், டயாப்லோ, பஸ்ஸில் போகும் அக்காக்கள் விளையாடும் கேண்டி கிரஷ், எல்லாம் அந்த ஒரே வீட்டுப் பிள்ளைகள். விலை 6,870 கோடி டாலர். அன்றைய மதிப்பில் 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். கேரள அரசின் அந்த ஆண்டு பட்ஜெட்டை மூன்று தடவை கூட்டினால் வரும் தொகைக்குக் கிட்டத்தட்ட அருகில்.

கன்சோல் செய்பவனே கேம் செய்பவனையும் வாங்குவதில் என்ன சிக்கல் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் தென்னந்தோப்பு. ஊரில் எல்லார் காயையும் எடுக்கும் வியாபாரியே ஒரு பெரிய தோப்பையும் வாங்கிவிட்டால் பக்கத்துத் தோப்புக்காரர் பாடு என்ன ஆகும் என்று டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடுவார்கள். அமெரிக்காவில் 1948இலேயே, படம் எடுக்கும் கம்பெனிகள் தியேட்டர்களையும் கையில் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பிரித்திருக்கிறார்கள். அதாவது இது புதுக் கவலை இல்லை.

உங்களைப் போன்ற வெளிநாட்டு ஆணையங்கள் சும்மா இருக்கவில்லை. அமெரிக்காவின் எஃப்டிசி ஆணையம் இதைத் தடுக்க 2022 டிசம்பரில் வழக்குப் போட்டது. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2023 ஏப்ரலில் கூடாது என்றே சொல்லிவிட்டது. அவர்களுடைய கவலை கிளவுட் வழியாக, அதாவது கேமை இறக்காமல் நெட்டிலேயே, விளையாடுவதைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் அடுத்த மாதமே நிபந்தனையோடு சரி என்றது. ஜூலையில் அமெரிக்க நீதிமன்றம் தடை போட மறுத்தது. பிறகு கிளவுட் உரிமையை யுபிசாஃப்ட் என்ற வேறொரு கேம் கம்பெனிக்கு 15 வருஷத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு செய்து, பிரிட்டனும் இறங்கி வந்து, 2023 அக்டோபர் 13 அன்று கல்யாணம் முடிந்தது.

நடுவில் நிறைய வாக்குறுதிகள். கால் ஆஃப் டியூட்டியைப் பிளேஸ்டேஷனுக்கு 10 வருஷம் கொடுப்போம் என்று, அதைச் செய்யும் சோனியோடு கையெழுத்து. இன்னொரு கன்சோல் கம்பெனியான நின்டெண்டோவுக்கும் அதே 10 வருஷம். படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நெட்டைத் தென்னை வைத்தால் பாளை விடவே ஆறேழு வருஷம் ஆகும். 10 வருஷக் குத்தகை என்று யாராவது கேட்டு வந்தால், கன்று வைத்தவனுக்கா, காய் பறிப்பவனுக்கா என்று என் அப்பா திருப்பிக் கேட்பார். என் கடைக்கு வரும் ஆறாம் வகுப்புப் பையன் சம்பாதிக்கத் தொடங்கும்போது அந்தக் குத்தகை முடிந்திருக்கும்.

சரி, முடிந்த பிறகு என்ன நடந்தது? மூன்று மாதம் தாண்டியதும், 2024 ஜனவரியில், அந்தக் கேமிங் பிரிவில் 1,900 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு கம்பெனியையும் தனித்தனியாக நடத்துவோம் என்று சொன்னதற்கும் இதற்கும் பொருத்தமில்லையே என்று எஃப்டிசி நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. எழுதி என்ன, போனவர்கள் போனவர்கள்தான். செப்டம்பரில் இன்னும் 650 பேர். நடுவில் மே மாதம், முன்னமே பெதஸ்டா என்ற கேம் கம்பெனியோடு சேர்த்து வாங்கியிருந்த ஸ்டுடியோக்களில் சிலவற்றை மூடினார்கள். அதில் ஜப்பானின் டேங்கோவும் ஒன்று. அவர்களுடைய ஹைஃபை ரஷ் பிளேஸ்டேஷனுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இசைத் தாளத்துக்கு அடிக்கிற கேம். என் கடையில் செண்டைமேளம் பழகும் ஒரு பையன் அதில் யாரையும் ஜெயிக்க விடமாட்டான். நல்ல வேளையாக அந்த ஸ்டுடியோவைக் கொரியாவின் கிராஃப்டன் பிறகு எடுத்துக்கொண்டது.

விலையும் ஏறியது. கால் ஆஃப் டியூட்டியின் புதுப் பாகம் மாதச் சந்தாவிலேயே முதல் நாள் கிடைக்கும் என்றார்கள். 2024 அக்டோபரில் கிடைக்கவும் செய்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே கேம் பாஸ் அல்டிமேட் என்ற அந்தச் சந்தா 16.99 டாலரிலிருந்து 19.99 ஆனது. 2025 அக்டோபரில் 29.99. இது அமெரிக்க விலைதான். ஆனால் மழை அங்கே பெய்தால் குடை இங்கேயும் பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஆக்டிவிஷன் பிறந்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 1979இல் அடாரி கம்பெனியின் புரோகிராமர்கள் நான்கு பேர் வெளியே வந்து தொடங்கியது. கேமைச் செய்தவன் பெயரை அடாரி பெட்டியில் போடவில்லை, பங்கும் சரியாகத் தரவில்லை என்பதுதான் சண்டை. கன்சோல் செய்பவனே கேமும் செய்வான் என்றிருந்த காலத்தில், வெளியே நின்று கேம் மட்டும் செய்த முதல் கம்பெனி அது. கன்சோல்காரன் வேண்டாம் என்று வெளியேறிய வீடு, 44 வருஷம் கழித்து ஒரு கன்சோல்காரன் வீட்டுக்குள் போய்ப் படுத்திருக்கிறது.

முடிந்ததைப் பற்றி எங்களிடம் ஏன் புலம்புகிறாய் என்று கேட்கலாம். அடுத்தது உங்கள் மேஜைக்கு வரலாம் என்பதால்தான். எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடுவது கால்பந்து கேம். அதைச் செய்யும் இஏ கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக 2025 செப்டம்பரில் ஒரு முதலீட்டுக் கூட்டணி அறிவித்தது. அவர்கள் கன்சோல் செய்பவர்கள் இல்லை, ஆனால் தொகையைப் பாருங்கள்.

உங்கள் கையில் 2024 செப்டம்பர் 10 முதல் ஒரு புது விதி இருக்கிறது. 2,000 கோடி ரூபாய்க்கு மேலான கொள்முதல், வாங்கப்படும் கம்பெனிக்கு இந்தியாவில் கணிசமான தொழில் இருந்தால், உங்கள் அனுமதிக்கு வர வேண்டும். நல்ல விதி. டிஜிட்டல் சேவை என்றால், உலகம் முழுக்க உள்ள பயனர்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தாலே கணிசம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இடறி விழுந்தது இந்த இடத்தில்தான். பயனர் என்று யாரை எண்ணுவீர்கள்?

என் கடையில் ஒரு கன்சோலுக்கு ஒரு ஐடி, அதாவது கம்பெனியில் பதிந்த பயனர் கணக்கு. எல்லாம் என் பெயரில் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு ஐடியில் உட்கார்ந்து விளையாடியவர்கள் 27 பேர். ஐடி பார்த்து எனக்குத் தெரியாது, நோட்டு பார்த்துத் தெரியும். நீள நோட்டில் கோடு போட்டுப் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம், பணம் என்று எழுதுவேன். "அண்ணா, இன்னொரு அரைமணி போடுங்ணா" என்றால் எழுந்த நேரத்தை அடித்துத் திருத்த வேண்டும். பாதிப் பெயர் பட்டப்பெயர். கன்ட்ரோலரின் இடது குச்சிக்கு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கும். அது தானாக நகர்வதால் இவர்கள் ஆள் எப்போதும் கொஞ்சம் இடது பக்கமாகவே நடப்பான், அதற்கும் பழகிக்கொண்டார்கள். கம்பெனியின் கணக்கில் இந்த 27 பேரும் ஒரே ஆள். அந்த ஆளுக்குத் தூக்கமே கிடையாது, இரண்டு மொழியில் கெட்ட வார்த்தை பேசுவான்.

(கடையில் வைத்து வாடகைக்கு விளையாட விடக் கூடாது என்று பெட்டியில் பொடி எழுத்தில் போட்டிருப்பது எனக்கும் தெரியும். அதற்கு வேறு மடல் எழுதிக்கொள்ளலாம்.)

எண்ணிக்கை குறைந்தால் என்ன ஆகும் என்று எல்லையில் இருக்கும் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளன்று தலை எண்ணுவார்கள். தமிழ் வகுப்பில் தலை குறைந்தால் டிவிஷன் போகும், வாத்தியார் பணியிடம் போகும். அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளையைக்கூடத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்த அம்மாக்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று டிஸ்க். கோயம்புத்தூரில் பழைய டிஸ்க் வாங்கி, ஆறு மாதம் ஓட்டி, மாற்றி வேறு எடுப்பதுதான் என் தொழிலின் அஸ்திவாரம். இரண்டு வருஷம் முன்பு ஒரு புது கேம் வாங்கினேன், வெளியிட்டவர் பெயர் வேண்டாம். டிஸ்கைப் போட்டால் நெட்டில் இறக்கிக்கொள் என்றது, நூறு ஜிபிக்கு மேல். மூன்று நாள் இறங்கியது, நடுவில் கரண்ட் வேறு போனது. பையன்கள் திரையில் நகரும் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குக் காசு கேட்க எனக்கு மனசு வரவில்லை. எல்லாம் ஒரே கம்பெனியின் சந்தாவுக்குள் போய்விட்டால் அந்த டிஸ்கும் இருக்காது, மாற்றவும் விற்கவும் கையில் ஒன்றும் இருக்காது.

கூகுளுக்கு 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டவர்கள் நீங்கள். பெரிய கம்பெனி என்று தயங்குபவர்கள் இல்லை. அதனால் கேட்கிறேன். இப்படி ஒரு கொள்முதல் வரும்போது கம்பெனி தரும் ஐடி கணக்கோடு நிறுத்தாமல், ஒரு ஐடிக்குப் பின்னால் எத்தனை பேர் என்று கேம் சென்டர்களிலும் ஹாஸ்டல்களிலும் விசாரியுங்கள். 10 வருஷம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால், வருஷா வருஷம் விலையையும் ஆட்களையும் பார்த்துக் கேள்வி கேட்க ஒரு ஏற்பாட்டையும் அதோடு சேர்த்து எழுதுங்கள். டிஸ்கில் வாங்கியதை விற்கும் உரிமை கொள்முதலுக்குப் பிறகும் இருக்குமா என்பதை அனுமதி தருவதற்கு முன்னால் கேளுங்கள்.

என் நோட்டுகள் கடையில் கல்லாவுக்குக் கீழே இருக்கின்றன, பழையது எட்டு, ஓடுவது ஒன்று. யாரையாவது அனுப்பினால் எடுத்துக் காட்டுகிறேன். பொள்ளாச்சியிலிருந்து வந்தால் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு நின்று பேச நேரம் இருக்காது.

இப்படிக்கு,
கேம் சென்டர்காரன்,
கொழிஞ்சாம்பாறை