குடும்ப உணவுக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு புதுச் சமையல் குறிப்புகள் சேர்ப்பதை நிறுத்திவைத்தோம். குறிப்புகளுக்குப் பஞ்சமில்லை. சத்தான சாப்பாடு என்று உற்சாகமாகத் தொடங்கும் வீடுகளில் அது ஏன் ஒரு மாதம்கூட நிலைப்பதில்லை என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டோம். மனவுறுதி போதவில்லை என்பார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. பெரும்பாலும் குறை சட்டியில்தான் இருக்கிறது. காய் குழைந்திருக்கும், பயறு தோல் தடித்துக் கடிபடும், உப்பைக் குறைத்த இடத்தில் வேறெதுவும் சேர்ந்திருக்காது. ருசியில்லாததைக் கடமைக்காக யாரும் நெடுநாள் சாப்பிடுவதில்லை, சாப்பிடவும் வேண்டியதில்லை. ஆகவே இந்த அறிக்கையில் பாதிக்கு மேல் அடுப்படி விஷயம்தான்.

அளவுகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளையே எடுத்துக்கொண்டோம். வயது வந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள். காயும் பழமும் சேர்த்துக் குறைந்தது 400 கிராம். உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் இந்தக் கணக்கில் வராது. பலர் தவறவிடுவது இதைத்தான். சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குள், அதாவது 2000 கலோரி உண்பவருக்கு 50 கிராமுக்குள். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டுக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ காயும் பழமும் வேண்டும். வாரக் கொள்முதலை ஒருமுறை நிறுத்துப் பார்த்தால் இடைவெளி தெரிந்துவிடும்.

முதலில் உப்பு. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் தூள் உப்பு ஏறக்குறைய 6 கிராம். கல்லுப்பு அதே கரண்டியில் குறைவாகவே நிற்கும். அதனால் கரண்டிக் கணக்கை நம்பாமல் தராசில் நிறுக்க வேண்டும். ஒரே நாளில் பாதியாகக் குறைப்பவர்கள் ஒரே வாரத்தில் பழைய அளவுக்குத் திரும்புவார்கள். குறைந்த உப்புக்கு நாக்கு பழகச் சில வாரங்கள் பிடிக்கும். வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு ஆகும் உப்பை நிறுத்துத் தனி டப்பாவில் போட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே வருவது நாங்கள் பரிந்துரைக்கும் முறை. டப்பா கண்முன் இருப்பதால் கை தானாக அடங்குகிறது.

குறைத்த உப்பின் இடத்தைப் புளிப்பும் வாசனையும் உமாமியும் நிரப்ப வேண்டும். நால்வருக்கான காய்க்கு அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு, அடுப்பை அணைத்த பிறகு. முன்னதாகச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் மணம் பறந்துவிடும், புளிப்பு மட்டும் மிஞ்சும். உமாமி என்பது ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கடற்பாசிச் சாற்றிலிருந்து பிரித்தறிந்த குளூட்டமேட்டின் சுவை. தக்காளி, காளான், முதிர்ந்த பாலாடைக்கட்டி ஆகியவற்றில் அது நிறைய உண்டு. தக்காளி விழுது ஒரு மேசைக்கரண்டியை எண்ணெயில் 2–3 நிமிடம், நிறம் கருஞ்சிவப்பாகும்வரை வதக்கிவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுங்கள். வதக்காமல் கரைத்தால் பச்சை வாடை நிற்கும். உலர்ந்த காளான் 10 கிராமை 250 மில்லி வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்தால் அந்த நீரே குழம்புக்குப் போதும். அடியில் மண் தங்குமாதலால் வடிகட்ட வேண்டும். சோயா சாஸை இதற்கு மாற்றாக எண்ணிவிடக் கூடாது. அதன் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 900 மில்லிகிராம் சோடியம், அதாவது 2 கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. பொட்டாசியம் கலந்த உப்பைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சில வகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

அடுத்தது காய். வெறுக்கப்படும் காய்களில் பல, உண்மையில் வெறுக்கப்படும் சமையல்தான். காலிஃபிளவர், கேரட், பூசணி ஆகியவற்றை அவன் (oven) என்னும் மூடிய சுடும் அடுப்பில் 220 டிகிரி செல்சியஸில் சுடும்போது மேற்பரப்பு பொன்னிறமாகி இனிப்பும் வறுத்த மணமும் வருகின்றன. இதில் பெரும்பங்கு, பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912இல் விவரித்த வினையுடையது. ஏறக்குறைய 140 டிகிரிக்கு மேல்தான் அது வேகம் பிடிக்கும். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. எல்லாத் தோல்விக்கும் காரணம் அந்த ஈரம். கழுவிய காயைத் துணியில் ஒற்றி உலர்த்த வேண்டும். 3 சென்டிமீட்டர் அளவில் ஒரே சீராக நறுக்கி, 500 கிராமுக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் புரட்ட வேண்டும். தட்டில் துண்டுகளுக்கிடையே ஒரு விரல் இடைவெளி விட்டு ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். நெருக்கி அடுக்கினால் ஒன்றின் ஆவியில் மற்றொன்று வெந்துவிடும். பிறகு எத்தனை நிமிடம் வைத்தாலும் நிறம் வராது, குழைவுதான் வரும். காலிஃபிளவருக்கு 20–25 நிமிடம், கேரட்டுக்கு 25–35. பாதியில் ஒருமுறை திருப்பினால் போதும்.

அந்தச் சுடும் அடுப்பு இல்லாத வீட்டில் கனமான அடியுள்ள வாணலி. நன்றாகக் காயவைத்து, எண்ணெய் விட்டு, காயை ஒரே அடுக்காகப் பரப்பி 3–4 நிமிடம் கிளறாமல் விட வேண்டும். செயல்முறை வகுப்புகளில் சொல்லித்தர மிகக் கடினமானது இந்தச் சும்மா இருத்தல்தான். கரண்டி கையில் இருந்தால் கிளறத் தோன்றும். கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். உப்பைக் கடைசியில் தூவினால் அது மேற்பரப்பில் நின்று குறைந்த அளவிலேயே நாக்கில் தெரியும்.

பச்சைக் காய்களுக்கு வழி வேறு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் உப்பு. தளதளவென்று கொதிக்கும்போது பீன்ஸைப் போட்டு, மூடாமல் 3–4 நிமிடம். மூடினால் காயிலிருந்து வெளியேறும் அமிலங்கள் நீரிலேயே தங்கிப் பச்சையத்தை மங்கலான பழுப்பாக்கும். எலுமிச்சையை முன்பே பிழிந்தாலும் அதே கதி. சமையல் சோடா நிறத்தைக் காக்கும், ஆனால் காயைக் குழைத்து வைட்டமின்களையும் அழிக்கும், வேண்டாம்.

பயறு வகைகளில்தான் இவ்வாண்டு அதிகம் தடுமாறினோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கொண்டைக்கடலையையும் சிவப்புக் காராமணியையும் 8–12 மணி நேரம், லிட்டருக்கு 15 கிராம் உப்புக் கரைத்த நீரில் ஊறவையுங்கள். தோலிலுள்ள கால்சியத்தின் இடத்தைச் சோடியம் பிடிப்பதால் தோல் மென்மையாகும். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு உப்பு நீரா என்ற கேள்வி நியாயமானது. ஊறிய நீரைக் கொட்டி அலசிவிடுகிறோம். பயறு உறிஞ்சியது போதுமென்பதால் வேகும்போது உப்பே போடுவதில்லை. தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு எதுவும் பயறு முழுதாக மெத்தென்று வெந்த பிறகுதான். முன்பே போட்டால் மணிக்கணக்கில் கொதித்தாலும் கடுக்கென்றே இருக்கும். கடின நீரும் இதே தொல்லையைத் தரும்.

ராஜ்மாவைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட வேண்டும். குறைந்த சூட்டில் வேகவைக்கும் மின் பாத்திரங்களில் (ஸ்லோ குக்கர்) நேரடியாகப் போடவே கூடாது. நச்சை அழிக்கும் சூடு அங்கே வராது.

குழந்தைகள் பற்றிய கேள்விகளே அஞ்சலில் அதிகம். ஒரு புதுக் காயை ஏற்கக் குழந்தைக்கு எட்டு முதல் பதினைந்து முறைகூடப் பார்த்துச் சுவைக்க வேண்டியிருக்கும். மூன்றாம் முறையிலேயே 'இவனுக்குப் பிடிக்காது' என்று தீர்ப்பெழுதிவிடுகிறோம். ஒரு சிறு துண்டு போதும், பழகிய உணவின் பக்கத்தில். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு என்று அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த பிரிவினையைப் பின்பற்றச் சொல்கிறோம். காயைத் தின்றால் இனிப்பு என்ற பேரம், காய் தண்டனை என்பதைத்தான் கற்பிக்கும்.

இந்தச் சமையல் நாள்தோறும் நிலைக்க வேண்டுமானால் சோர்ந்த மாலையில் பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். வாரத்தில் இருமுறை அடிப்படையை மட்டும் சமைத்து, ருசியை மாற்றிக்கொண்டே இருப்பதே எங்கள் திட்டம். உலர்ந்த பயறு 500 கிராம் வெந்தால் ஏறக்குறைய 1.2 கிலோ வரும். அதில் 3 நாள் பங்கைக் குளிர்பெட்டியிலும் மீதியை 250 கிராம் பொட்டலங்களாக உறைநிலையிலும் வையுங்கள். சோறு உட்பட எதுவானாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரமில்லாத அகன்ற பாத்திரத்தில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். சோற்றைச் சட்டியோடு இரவு முழுதும் வெளியில் வைத்தால், கொதியிலும் சாகாத பாசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நச்சை விடும். மறுபடி சுடவைத்தாலும் அந்த நச்சு போகாது.

ருசி மாற்றத்துக்கு இரண்டு கலவைகள் போதும். ஒன்று, தயிர் 200 கிராம், நசுக்கிய பூண்டு ஒரு பல், எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு கால் டீஸ்பூன். மற்றது, எள் விழுது 60 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 4 மேசைக்கரண்டி. தண்ணீர் பட்டதும் விழுது இறுகிக் கட்டியாகும். கெட்டுவிட்டதென்று பயந்து எண்ணெய் ஊற்றாதீர்கள். மீதித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்தால் தளர்ந்து வழவழப்பாகும். பூண்டை எண்ணெயில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கும் பழக்கத்தை உடனே கைவிடக் கேட்டுக்கொள்கிறேன். காற்றில்லாத அந்த எண்ணெயில் பொட்டுலிசம் என்னும் கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு. குளிர்பெட்டியில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வரவு செலவை பொருளாளர் தனியே முன்வைப்பார். வகுப்புகளுக்கு ஒரு கிராம் துல்லியமுள்ள தராசும் சமையல் வெப்பமானியும் கூடுதலாக வாங்க ஒப்புதல் கோருகிறேன். மறுபடி சுடவைத்த மிச்ச உணவு நடுவில் 75 டிகிரி தொட்டதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. முழுத்தானியங்கள் பற்றி இவ்வாண்டு போதிய அளவு செய்யவில்லை. பட்டை தீட்டாத அரிசியை வெள்ளரிசியோடு ஒரே சட்டியில் போட்டு ஒன்று குழைய மற்றொன்று வேகாமல் நிற்பது இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. தனியே ஊறவைத்து, தனியே 40–45 நிமிடம் வேகவைத்துக் கலக்கும் முறையை அடுத்த ஆண்டின் முதல் வகுப்பாக வைக்கலாம் என்பது செயற்குழுவின் முன்மொழிவு.

வகுப்புகளில் பாத்திரம் கழுவ நின்றவர்களுக்குத் தனி நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இவண்,
செயலாளர்